வள்ளம் கற்பித்த பொறுமை

பழைய வள்ளம் ஒன்றைத் திருத்தி எடுக்க எவ்வளவு காலம் தேவை? "இரண்டு கிழமை" என்று திட்ட அறிக்கையில் எழுதியவள் நான். உண்மையில் ஏழு மாதங்கள் எடுத்தன. அந்த ஏழு மாதங்களில் நாங்கள் விட்ட பிழைகள் உங்களுக்கும் பயன்படும் என்பதால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பூநகரிப் பக்கத்தில் பரவைக்கடலை ஒட்டிய கிராமம் ஒன்றில் ஓர் அக்கா வாழ்கிறார். அவருடைய கணவர் 2009 இல் காணாமற் போனவர். மீளக் குடியேறிய பின், 2011 இல் வாழ்வாதார உதவியாகச் சிறிய பைபர் வள்ளம் ஒன்று அக்காவுக்குக் கிடைத்தது. அக்காவின் தம்பி அதில் தொழில் செய்தார். அவர் வெளிநாடு சென்றபின் வள்ளம் ஆறு ஆண்டுகள் வளவுக்குள் மல்லாந்து கிடந்தது. மழைநீர் தேங்கியது. அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருந்தது. வள்ளத்தைத் தந்தவர்கள், அது பழுதானால் எப்படித் திருத்துவது என்று ஒருவருக்கும் காட்டித் தரவில்லை.

2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. பிறருடைய இயந்திரப் படகில் கூலிக்குப் போய்வந்த அக்காவின் பத்தொன்பது வயது மகனுக்கு வேலை நின்றது. "எங்கட வள்ளத்துக்குப் பாய் கட்டுவம் அம்மா" என்று அவன்தான் கேட்டான். யுத்த காலத்தில் எரிபொருளும் இயந்திரமும் தடுக்கப்பட்டிருந்தபோது பாயும் மரக்கோலுமே இக்கரையில் சோறு போட்டன. ஆழம் குறைந்த இக்கடலுக்குப் பாய் ஏற்றது. சோளகக் காற்றுக்கு விலையும் இல்லை.

மாதர் சங்கத்துப் பெண்கள் ஐவரும் நானும் செப்டெம்பரில் வேலையைத் தொடங்கினோம். ரெசின் என்னும் பசையில் கண்ணாடியிழை விரிப்பைத் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுக வைப்பதே பைபர். ரெசினை இறுக வைப்பது அதனுடன் கலக்கும் ஹாட்னர் என்ற திரவம். கேட்க இலகுவாகவே இருந்தது. வெடிப்பைத் தேய்த்து, மூன்றே நாளில் ஒட்டுப்போட்டு, நீல வர்ணமும் பூசிவிட்டோம். மாரிக்கு முன் வள்ளத்தைக் கையளிக்கும் வைபவத்துக்கு நாளும் குறித்தேன்.

அந்தக் கரையில் படகு கட்டிப் பழகிய முதியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை அப்பு என்றே அழைப்பார்கள். அவர் வந்து கத்திப்பிடியால் வள்ளத்தைத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் "டங்" என்று கேட்ட ஒலி, எங்கள் ஒட்டின்மேல் "பொத்" என்று செத்துக் கேட்டது. கத்தி நுனியை ஓரத்தில் செருகி நெம்பினார். முழு ஒட்டும் புண்ணின் பொருக்குப் போல ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அடியில் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர், "உப்பு" என்றார்.

"வெளியிலை காய்ஞ்சிருக்கு பிள்ளை. உள்ளுக்கை காயேல்லை. ஈரத்துக்கும் உப்புக்கும் பழைய வர்ணத்துக்கும் மேல ரெசின் பிடிக்காது."

அப்போதும் எனக்கு வைபவ நாளே கண்ணுக்குள் நின்றது. "மேலால இன்னொரு ஒட்டுப் போட்டால் இப்போதைக்குத் தாங்காதா?" என்று கேட்டேன். அதுவரை பேசாதிருந்த அக்கா என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போயிடுவியள். இதிலை போறது என்ரை பிள்ளை."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவரைத் தேடிக்கொண்டே பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்த பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி அது. அன்று மாலையே வைபவத்தை நிறுத்தும்படி அலுவலகத்துக்கு எழுதினேன். கால எல்லை தவறியதற்கு விளக்கம் கேட்டார்கள். தவறு என்னுடையது என்றே எழுதிக்கொடுத்தேன்.

பின்பு அப்பு சொன்னபடி முதலிலிருந்து தொடங்கினோம். நல்ல தண்ணீரால் வள்ளத்தைப் பலமுறை கழுவினோம். மிதப்புப் பெட்டிக்குள் இருந்த நுரைப்பஞ்சு நீரூறிக் கல்லாய்க் கனத்தது. அதை வெட்டி எடுத்தோம். பின்பக்கப் பலகை உளுத்திருந்தது, அதையும் அகற்றினோம். கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு, வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாரி முடியும்வரை காத்திருந்தோம்.

காத்திருந்த காலம் வீணாகவில்லை. ஒவ்வொரு மாலையும் அக்கா ஒரு நாணயக் குற்றியால் வள்ளத்தைத் தட்டித் தட்டிக் கேட்பார். ஒலி செத்த இடங்களைக் கரியால் வட்டமிடுவார். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு வெடிப்பு. அவருடைய காது கண்டுபிடித்தவை மேலும் நான்கு. தை பிறந்து வெயில் ஏறியதும், பொலித்தீன் துண்டொன்றை வள்ளத்தில் நான்கு ஓரமும் ஒட்டி இரவு விட்டுப் பார்த்தோம். காலையில் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தால் இன்னும் ஈரம் உண்டு என்று அறிந்துகொண்டோம். துளி அரும்பாத காலை மாசி மாதக் கடைசியில்தான் வந்தது.

அதன் பின்னும் பிழை விட்டோம். வேலை விரைவாக முடியட்டும் என்று ஹாட்னரை இரு மடங்கு ஊற்றினேன். சில நிமிடங்களில் கலவை கொதித்துப் புகைந்து, பிளாஸ்டிக் கோப்பையையும் உருக்கிவிட்டது. ஒரு கிலோ ரெசின் வீணாயிற்று. எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் அளவே போதும் என்றார் அப்பு. அன்று முதல் ஊசிக்குழாயால் அளந்தோம். சிறிது சிறிதாகக் கலந்தோம். வெயில் ஏறுமுன் வேலையை முடித்தோம். வெடிப்பின் ஓரங்களைச் சரிவாக அகலத் தேய்த்து, மூன்று அடுக்கு வைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் காற்றுக் குமிழிகளைத் தூரிகையால் அமுக்கி வெளியேற்றினோம்.

பாயிலும் ஒரு பாடம் இருந்தது. இடம்பெயர்ந்த காலத்துத் தறப்பாளை ஒரு பெண் பத்திரமாக வைத்திருந்தார். செலவை மிச்சம் பிடிக்க அதையே பாயாகத் தைத்தோம். கரையில் ஏற்றிப் பார்த்தபோதே கயிறு கட்டிய மூலை கிழிந்து பறந்தது. ஆண்டுக்கணக்கில் வெயில் தின்ற துணி அது. "கடலுக்குள்ள கிழியாமல் கரையிலை கிழிஞ்சது நல்லது" என்று அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். பிறகு புதிய தடித்த துணி வாங்கி, மூலைகளுக்கு மூன்று மடிப்பு வைத்துத் தைத்தோம்.

2023 ஏப்ரலில் வள்ளத்தைக் கடலில் இறக்கினோம். உடனே யாரும் ஏறவில்லை. கற்களை ஏற்றி இரண்டு நாள் கரையில் கட்டி வைத்தோம். அடித்தட்டு காய்ந்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் விடியலில் மகன் நண்டு வலையுடன் புறப்பட்டான். அக்கா வீட்டுக்குப் போகாமல் கரையிலேயே இருந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். நாங்கள் அதிகம் பேசவில்லை. பத்து மணியளவில் பாய் தெரிந்தது. மூன்று கிலோ நண்டு. பெரிய உழைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மண்ணெண்ணெய்க் கடன் இல்லாத உழைப்பு.

இப்போது அந்தக் கரையில் எந்த வள்ளம் வெடித்தாலும் ஆண்கள் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் நாணயத்தால் தட்டிப் பார்த்து எங்கே பழுது என்று சொல்கிறார்.

சகோதரிகளே, யுத்தம் எங்கள் வாழ்வில் ஏற்படுத்திய வெடிப்புகளுக்கும் பலர் அவசர ஒட்டுப் போடவே வருகிறார்கள். "நடந்ததை மறந்துவிடு" என்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் ஆறு மாதத் திட்டத்துடன் வருகிறோம். சமூகவியல் படித்த எனக்கு இதை விளங்க ஒரு வள்ளம் தேவைப்பட்டது. உள்ளீரம் காய எடுக்கும் காலத்தை வெளியாள் தீர்மானிக்க முடியாது. உங்களுக்குத் தேவையான காலத்தைக் கேட்டு வாங்குங்கள். "இன்னும் காயேல்லை" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். பிழை விட்டால் அதைக் கரையிலேயே கண்டு திருத்திக்கொள்ளுங்கள்.

பைபர் வேலை செய்வோர் கவனத்துக்கு:

• காற்றோட்டமான இடத்திலேயே ரெசினைக் கலக்குங்கள். அருகில் அடுப்போ பீடியோ இருக்கக்கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விலகி இருக்கவேண்டும்.

• தேய்க்கும்போது முகமூடி, கண்ணாடி, நீளக்கைச் சட்டை அணியுங்கள். கண்ணாடியிழைத் தூசு தோலை அரிக்கும், மூச்சுக்கும் கெடுதி.

• ஹாட்னர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறைய நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

• விரைவூக்கியான கோபால்ட் திரவத்தையும் ஹாட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றுடன் ஒன்று கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.