பெற்றோல் எங்கே போகிறது? கொப்பியில் எழுதிப் பாருங்கள்!

கடையில் ஒரு மூடை சீனி குறைந்தால் அன்றைக்கே தேடத் தொடங்கிவிடுகிறோம். பில்லைப் புரட்டுகிறோம், வேலைக்கு நிற்கும் பிள்ளைகளை விசாரிக்கிறோம், களஞ்சியத்தை ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் வாகனம் மாதாமாதம் பத்துப் பதினைந்து லீற்றர் எரிபொருளை வீணாகக் குடித்தால் அதை யாரும் விசாரிப்பதில்லை. "ஓட்டம் கூட, அதனால் எண்ணெய்யும் கூட" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். உண்மையில் கூடியது ஓட்டமா, வாகனத்தின் கோளாறா என்று பார்ப்பதற்கு நம்மில் பெரும்பாலானோரிடம் எந்தக் கணக்கும் இல்லை.

ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கத்து வியாபாரம் முழுவதும் சில்லில்தான் ஓடுகிறது. மட்டக்களப்பு - கல்முனை வீதியில் களுவாஞ்சிகுடி, கல்முனை வரை சாமான் போடும் பட்டா ரக லொறிகள், புடவை ஏற்றும் வேன்கள், மீன் ஏற்றும் வண்டிகள், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோக்கள் என்று காலை முதல் இரவு வரை ஓட்டம்தான். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்ட பின்னர், முன்பு படகுப் பாதைக்குக் காத்திருந்து கடந்த வாவியை நேராகக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கமும் போய் வருகிறோம். இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு லீற்றரும் நமது இலாபத்திலிருந்துதான் போகிறது.

2022 கற்றுத்தந்த பாடம்

எரிபொருளின் பெறுமதியை நமது நாட்டு மக்களுக்கு 2022 ஆம் ஆண்டு கற்றுத்தந்ததைப் போல் வேறெதுவும் கற்றுத்தரவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவானது. ஒட்டோ டீசல் 460 ரூபாவைத் தொட்டது. பணம் இருந்தும் எண்ணெய் கிடைக்காமல் இரவு பகலாக வரிசையில் நின்றோம். பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. ஆரம்பத்தில் வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

அந்த 5 லீற்றரை இப்போது கணக்குப் பாருங்கள். நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஓர் ஆட்டோ லீற்றருக்கு 25 கிலோ மீற்றர் ஓடினால் வாரத்திற்கு 125 கிலோ மீற்றர் கிடைக்கும். பிளக் கறுத்து, காற்றுக் குறைந்து, பிரேக் இறுகி 20 கிலோ மீற்றர் மட்டும் ஓடும் ஆட்டோவுக்கு 100 கிலோ மீற்றர்தான். ஒரே பங்கீடு, ஒரே விலை. ஆனால் ஒருவருக்கு 25 கிலோ மீற்றர் ஹயர் கூட. கஷ்டமான அந்த நாட்களில் அது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பாகும். விலை இறங்கினாலும் கணக்கு மாறுவதில்லை. அன்று கண்ணுக்குத் தெரிந்த நட்டம் இப்போது தெரியாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதுவும் கடுமையான வரிகளோடு. ஆகவே நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை வயது போன வாகனங்களே. புதியது வாங்கித் தப்பிக்கலாம் என்ற எண்ணம் சிறு வியாபாரிக்குச் சரிவராது. இருப்பதைப் பராமரிப்பதுதான் வழி.

முதலில் கொப்பி, பிறகு கராஜ்

பராமரிப்பு கராஜில் தொடங்குவதில்லை, கொப்பியில்தான் தொடங்குகிறது. முறை மிகவும் இலகுவானது. டாங்கியை நிரப்புங்கள். பம்ப் தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தி, மீற்றரில் உள்ள கிலோ மீற்றரை எழுதுங்கள். அடுத்த தடவையும் முடிந்தவரை அதே நிலையத்தில், அதே போல் நிரப்புங்கள். இடையில் ஓடிய தூரத்தை, இரண்டாம் தடவை அடித்த லீற்றரால் பிரியுங்கள். 420 கிலோ மீற்றர் ஓடி 30 லீற்றர் அடித்தால் லீற்றருக்கு 14 கிலோ மீற்றர். ஒரு தடவைக் கணக்கை நம்ப வேண்டாம். மூன்று நான்கு தடவை எழுதினால் உங்கள் வாகனத்தின் உண்மையான இலக்கம் தெரிந்துவிடும்.

நமது கரையோர வீதி மேடு பள்ளமில்லாத சமதரை. தினமும் ஓடும் பாதையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே இலக்கம் திடீரென்று பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பாதையின் மீது பழி போட முடியாது. வாகனத்தில் ஏதோ ஒன்று பழுதாகி வருகிறது என்பதே அதன் பொருள். வெப்பமானி காய்ச்சலைச் சொல்வது போல இந்த இலக்கம் வாகனத்தின் நோயைச் சொல்லும்.

ஓர் உதாரணம். நாளொன்றுக்கு 60 கிலோ மீற்றர் வீதம் மாதம் 25 நாட்கள் ஓடும் பட்டா லொறி 1,500 கிலோ மீற்றர் ஓடுகிறது. லீற்றருக்கு 15 கிலோ மீற்றர் கொடுத்தால் 100 லீற்றர் போதும். அதுவே 13 ஆக இறங்கினால் 115 லீற்றருக்கு மேல் தேவை. கணக்கு இலகுவாக இருக்க லீற்றர் 300 ரூபா என்று வைத்தால், மாதம் சுமார் 4,600 ரூபா, வருடத்திற்கு 55,000 ரூபா புகையாகப் போகிறது. சீனியில் கிலோவுக்கு ஐந்து ரூபா இலாபம் வைப்பவர் அந்த 4,600 ரூபாவைத் திரும்ப எடுப்பதற்கு 920 கிலோ, அதாவது பதினெட்டு மூடைக்கு மேல் விற்க வேண்டும். பதினெட்டு மூடை விற்பது கஷ்டமா, டயருக்குக் காற்றுப் பார்ப்பது கஷ்டமா?

எது உண்மையில் மிச்சம் தரும்?

இந்த விடயத்தில் அமெரிக்க எரிசக்தித் திணைக்களமும் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமும் பரிசோதித்து வெளியிட்டுள்ள தகவல்கள் நமக்கும் பயனுள்ளவை. அவற்றையும் நமது ஊர் நிலைமையையும் சேர்த்துப் பார்ப்போம்.

டயர் காற்று: நான்கு டயர்களிலும் காற்று சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 வீதம் குறையும். பத்துக் குறைந்தால் இரண்டு வீதம். இது சிறிய தொகைதான். ஆனால் காற்றுக் குறைந்த டயர் இரு ஓரமும் தேய்ந்து காலத்திற்கு முன்பே போய்விடுவதால் நட்டம் இரட்டிப்பாகும். கடற்கரை மணலில் இறக்குவதற்காகக் காற்றைக் குறைத்தவர்கள், வீதிக்கு ஏறியதும் மீண்டும் அடித்துக்கொள்ள மறக்கக்கூடாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். சரியான அளவு சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. அதைப் பார்த்து அடிப்பது தவறு.

பிரேக்: கிழக்கே கடல், மேற்கே வாவி என்று இரண்டுக்கும் நடுவில் வாழும் நமக்கு உப்புக் காற்று கூடப் பிறந்தது. அது பிரேக் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்து இறுக வைக்கும். கால் எடுத்த பின்னும் பிரேக் சற்றுப் பிடித்தபடியே இருக்கும். சாரதிக்கு அது தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். சமதரையில் நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிரேக்கை இறக்கிவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். சிறிய கார் இலகுவாக உருள வேண்டும். ஓடி வந்து நிறுத்தியதும் ஒரு சில்லின் அருகில் மட்டும் கூடுதலான சூடு வீசினால் அந்தச் சில்லைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாரியில் வெள்ளத்திற்குள் ஓடிய வாகனங்களுக்கு மழை ஓய்ந்ததும் பிரேக்கையும் சில்லு பெயாரிங்கையும் பார்ப்பது அவசியம்.

எஞ்சின் விளக்கு: டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கை "அது அப்படித்தான்" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பழுதானால் எரிபொருளின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க முடியாமல் எஞ்சின் தேவைக்கு மேல் குடிக்கும். அவ்வாறான பாரிய பழுதைத் திருத்தினால் சிக்கனம் 40 வீதம் வரை கூடலாம் என்கிறது மேற்படி தகவல். சாதாரண டியூனிங் குறைபாட்டைத் திருத்தினால் சராசரியாக 4 வீதம். ஆகவே ஸ்கேன் பண்ணுவதற்குக் கொடுக்கும் பணம் செலவல்ல.

தேர்மோஸ்டாட்: "சூடான நாட்டுக்கு இது எதற்கு?" என்று சில கராஜ்களில் இதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். இது பிழையான வைத்தியம். எஞ்சினுக்கென்று சரியான ஒரு சூடு இருக்கிறது. அதற்குக் கீழே ஓடினால் எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கணினி நினைத்துக் கூடுதலாக எரிபொருளை விடும். சூடு கூடும் வாகனத்தில் ரேடியேற்றரையும் மின்விசிறியையும் பார்க்க வேண்டுமே தவிர, தேர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியக்கூடாது.

ஒயில்: மெல்லிய ஒயில் கேட்கும் புதிய ரக எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்றினால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை உண்டு. தயாரிப்பாளர் சொன்ன இலக்கத்தைப் பாவிப்பதால் ஒன்று முதல் இரண்டு வீதம் வரை மிச்சம் பிடிக்கலாம். வாகனத்தின் புத்தகத்தில் உள்ள இலக்கத்தை எழுதிக் கொண்டு போய் அதையே கேளுங்கள்.

ஹைபிரிட் பெற்றரி: ஹைபிரிட் கார்கள் பலவற்றில் பெற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின் ஆசனத்துக்கு அருகிலுள்ள துவாரத்தின் வழியாகவே போகிறது. மணலும் தூசும் அதை அடைத்தாலோ, நாம் பெட்டிகளை அடுக்கி மறைத்தாலோ பெற்றரி சூடாகும். சூடான பெற்றரியைக் கணினி அளவோடுதான் பாவிக்கும். பாரம் எஞ்சின் மீது விழும். ஹைபிரிட் வாங்கியும் எண்ணெய் மிஞ்சவில்லையென்றால் முதலில் இந்தத் துவாரத்தைப் பாருங்கள்.

எது வெறும் நம்பிக்கை?

எயார் பில்டரை மாற்றினால் எண்ணெய் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். கார்பரேற்றர் உள்ள பழைய வாகனங்களுக்கு அது உண்மை. பழைய ஆட்டோக்காரர்கள் பில்டரைச் சுத்தமாக வைத்திருப்பதால் பயன் உண்டு. ஆனால் கணினியால் எரிபொருளை அளந்து விடும் இன்றைய பெற்றோல் கார்களில், அழுக்கான பில்டரால் இழுவைதான் குறையுமே தவிர எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசம் வராது என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எஞ்சினின் ஆயுளுக்காகப் பில்டரை மாற்றுங்கள். எண்ணெய் மிஞ்சும் என்று எதிர்பார்த்து மாதாமாதம் மாற்ற வேண்டியதில்லை.

எரிபொருள் குழாயில் பூட்டும் காந்தம், டாங்கியில் போடும் குளிசை போன்றவற்றை விற்பவர்களிடமும் கவனமாக இருங்கள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் இவ்வாறான நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களைப் பரிசோதித்திருக்கிறது. பயன் தந்தவை மிகச் சிலவே. அந்தப் பணத்திற்கு நல்ல காற்றுமானி ஒன்றை வாங்கி வாகனத்தில் வைத்துக் கொள்ளலாம்.

கையில் இருக்கும் ரிப்போட்

2008 இல் நம் நாட்டில் புகைப் பரிசோதனை ஆரம்பிக்கப்பட்டது. வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்காக வருடந்தோறும் அதைச் செய்கிறோம். "பாஸா, பெயிலா" என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்து விடுகிறோம். அந்தத் தாளிலுள்ள இலக்கங்கள் வாகனத்தின் இரத்தப் பரிசோதனை ரிப்போட் போன்றவை. பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டு கூடியிருந்தால் எரிபொருள் சரியாக எரியாமல் குழாய் வழியே போகிறது என்று பொருள். டீசல் வாகனத்தில் கரும்புகை கூடினால் இன்ஜெக்டரையோ பம்பையோ எயார் பில்டரையோ பார்க்க வேண்டும். பரிசோதனைக்காக மட்டும் டியூன் பண்ணிப் பாஸ் எடுத்துவிட்டு, வெளியே வந்ததும் பழையபடி திருகுபவர்கள் ஏமாற்றுவது அதிகாரிகளை அல்ல, தங்கள் சட்டைப் பையைத்தான். சென்ற வருடத் தாளையும் இந்த வருடத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே கூடியிருக்கிறதோ அங்கே பழுது இருக்கிறது.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

வாகனம் நம்முடையது, ஓட்டுபவர் வேறொருவர் என்றால் கொப்பியை அவரிடமே கொடுங்கள். சந்தேகத்தில் அல்ல, பொறுப்பாகக் கொடுங்கள். இலக்கம் நன்றாக இருக்கும் மாதத்தில் மிஞ்சியதில் ஒரு பங்கு அவருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதும், விற்காத சாமானைச் சுமந்து திரிவதும், அவசரமாக மிதித்துப் பின் அவசரமாகப் பிரேக் போடுவதும் தானாகவே குறையும்.

வாரத்திற்கு ஒரு தடவை காற்று, மாதத்திற்கு ஒரு தடவை ஒயில் அளவும் பிரேக்கும், மாரி முடிந்ததும் ஒரு முழுச் சேர்விஸ், ஒவ்வொரு தடவை எண்ணெய் அடிக்கும்போதும் கொப்பியில் ஒரு வரி. இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய தொகையை மிச்சப்படுத்தித் தராது. எல்லாம் சேரும்போதுதான் 13 கிலோ மீற்றர் ஓடிய வாகனம் மீண்டும் 15 ஓடும். எண்ணெய் விலையைத் தீர்மானிப்பது நமது கையில் இல்லை. அடித்த எண்ணெய்யில் எவ்வளவு தூரம் போவது என்பதில் ஒரு பங்காவது நமது கையில் இருக்கிறது. அடுத்த தடவை எண்ணெய் அடிக்கப் போகும்போது ஒரு பேனாவையும் எடுத்துக் கொண்டு போங்கள்.