கடல்மேல் மிதக்கும் நன்னீர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடல்தான். அதன் பிறகு நெடுந்தீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்த பெரிய தீவுகளில் ஒன்று. பரப்பு 50 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மலை இல்லை, ஆறு இல்லை. கல்லும் பனையும் ஓயாத காற்றும் உண்டு. நாலு பக்கமும் உப்புக்கடல் சூழ்ந்த இந்தத் தட்டை நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மனிதர் குடியிருக்கக் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்குகிறது. அடியில் கடல்நீர் ஏற்கெனவே ஊறி நிற்கிறது. மழைநீர் அதைவிட இலேசானது. ஆகவே அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கல்லின் பொந்தும் பிளவும் அந்தக் கணக்கைக் குறைக்கும். ஆனாலும் விதி அதுதான். இதை எழுதிவைத்தவர்களில் ஒருவர் படோன் கைபென் என்ற ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர், 1888 அளவில். இந்தத் தீவுக்குத் தங்கள் நகரமான டெல்ஃப்ட்டின் பெயரை வைத்தவர்களும் அதே ஒல்லாந்தர்தான். கைபென் எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நெடுந்தீவார் ஆழமில்லாத கிணறு வெட்டி, அளவோடு அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால் அடியிலிருந்து உப்பு பல மடங்கு மேலேறி வரும். அளவு மீறாத வரைக்கும் தருகிற கொடை இது. கடலின் நடுவே ஒரு மெல்லிய நன்னீர்த் தட்டை ஏந்திப் பிடித்திருக்கிற கையை நினைக்கும்போது எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்தக் கல்லும் சாதாரணக் கல் இல்லை. ஒரு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய கடலடியில் சிப்பியும் சிற்றுயிர்களும் படிந்து இறுகியது குடாநாட்டுச் சுண்ணக்கல். கரையோரத்து முருகைக்கல்லோ மிகச் சிறிய உயிர்கள் சேர்ந்து கட்டியது. தீவின் வேலிகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை. முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லை விரலால் தடவினால் பூவிதழ் போன்ற வரிகள் தட்டுப்படும்; ஒரு காலத்தில் உயிர் குடியிருந்த அறைகள் அவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியால் காற்று புகுந்து போவதால்தான், எதிர்த்து நிற்கிற மதில் சரிகிற இடத்திலும் இந்த வேலி நிற்கிறது.

தீவின் மேற்குப் பக்கம் குதிரைகள் மேய்கின்றன. போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுக்களின் தீவு என்றார்கள். பின்வந்தவர்கள் இங்கே குதிரை வளர்த்தார்கள். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் எட்வர்ட் நோலன் என்ற அதிகாரி அந்தக் குதிரைப் பண்ணையை நடத்தினார். வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், மட்டக்குதிரைகள் நின்றுவிட்டன. லாயம் இல்லை, கொள்ளு இல்லை. வெயிலும் வறட்டுப் புல்லும் குளத்து நீருமாகத் தலைமுறைகளைக் கடந்திருக்கின்றன. ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரமும் அப்படித்தான். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். பெருத்த அடிமரத்தில் நீரைச் சேர்த்துவைத்து, கோடையில் இலையுதிர்த்து நிற்கிறது. வேற்று நிலத்தில் பிறந்த உயிர்களுக்கும் இந்தத் தீவு இடம் கொடுத்திருக்கிறது.

மனிதர் ஏறத்தாழ 4,000 பேர். கடற்றொழில், கால்நடை, பனை. சைவரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த வளவில் வாழ்கிறார்கள். கூட்டம் சிறிதென்றாலும் நெடுந்தீவுக்கென்று தனிப் பிரதேச செயலகமும் தனிப் பிரதேச சபையும் இருக்கின்றன. யாழ். மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு இலக்கம் இட்டவர்கள் இங்கிருந்தே எண்ணத் தொடங்கினார்கள்: ஜே/01 நெடுந்தீவு மேற்கு, ஜே/06 நெடுந்தீவு கிழக்கு. நடுக்கடலில் இருக்கிற ஊரை முதல் எண்ணாக வைத்த அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். கடலில் காற்று எழும் நாளில் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் யாழ்ப்பாணத்துக் கச்சேரியும் பெரியாஸ்பத்திரியும் எட்டாத தூரத்தில் போய்விடும். ஆகவே தீவுக்குள்ளேயே முடிவெடுக்கிற ஒரு சபை இருப்பது இங்கே மூச்சுப் போல அவசியம்.

படகுப் பாதைக்கு ஆறாத துயரமும் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் போன முப்பதுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் மக்கள் அதே கடலைத்தான் கடக்கிறார்கள். வேறு வழி இல்லை.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் கடும் வறட்சி ஆண்டுகளில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் இறந்ததுண்டு; அறிவிப்பால் குளம் நிரம்பாது. தீவின் உயிர் முழுவதும் மழை தருகிற நன்னீரில் தங்கியிருப்பதால், சபை செய்யக்கூடிய வேலைகளில் குளம் தூர்வாருவதையே நான் முதலில் வைப்பேன். குழாய்க் கிணறு தோண்டி இயந்திரத்தால் உறிஞ்சுவதைக் கண்டிப்போடு தடுப்பது அடுத்தது. சாறாப்பிட்டி போன்ற நன்னீர்க் கிணறுகளைச் சுற்றி மலசலகூடக் குழியும் குப்பையும் வராமல் காப்பது அதற்கும் அடுத்தது. இவற்றையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னே, ஆவணி வெயிலில் குளங்கள் வற்றிக் கிடக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.