அச்ச இயல்புடைய நாய்களின் நடத்தை மாற்றம்

அச்ச இயல்புடைய நாய்களின் நடத்தை மாற்றம் என்பது, எளிதில் அஞ்சும் இயல்பு கொண்ட வளர்ப்பு நாய் ஒன்று தன் வழக்கத்தினின்று மாறி நடந்துகொள்வதைக் குறிக்கும். உணவை மறுத்தல், ஒளிந்துகொள்ளல், தொட்டால் உறுமுதல், இரவில் உறங்காது அலைதல் முதலியன இதில் அடங்கும். இம்மாற்றங்களுக்கு மன அழுத்தம், உடல்நோய் அல்லது இவ்விரண்டும் சேர்ந்து காரணமாகலாம். "இது எப்போதுமே பயந்த நாய்தானே" என்று வீட்டார் எண்ணிவிடுவதால், இத்தகைய நாய்களில் நோய் காலந்தாழ்த்திக் கண்டறியப்படும் வாய்ப்பு மிகுதி.

பின்னணி

மரபியல்பு, குட்டிப்பருவப் பட்டறிவு, பின்னாளில் நேர்ந்த அதிர்ச்சி ஆகியன நாயின் அச்ச இயல்புக்கு அடிப்படைகளாகும். பிறந்த 3 ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 12 முதல் 14 ஆவது வாரம் வரையான காலத்தில் மனிதருடனும் பலவகை ஒலிகளுடனும் பழகாத குட்டி, வளர்ந்தபின் அவற்றுக்கு அஞ்சக்கூடும்.

இவ்வாறு அமையும் அச்சத்திற்குப் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு உண்டு. தீபாவளிப் பட்டாசு, இடி, புதிய விருந்தினர் போன்ற தூண்டல் இருக்கும்போது அது தோன்றும். தூண்டல் நீங்கியபின் படிப்படியாகத் தணியும். இந்த ஒழுங்கு குலைவதே கவனிக்க வேண்டிய முதற் குறிப்பாகும். தூண்டல் ஏதுமின்றி அச்சம் தோன்றினாலோ, தணியவேண்டிய நேரத்தில் தணியாவிட்டாலோ, முன்பு அஞ்சாத ஒன்றுக்கு நடுவயதில் திடீரென அஞ்சத் தொடங்கினாலோ உடல்நோய் இருக்கிறதா என ஆராய்தல் வேண்டும்.

குழப்பம் ஏற்படுவதன் காரணம்

நாய் அஞ்சும்போது அதன் அண்ணீரகச் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய இயக்குநீர்களைச் சுரக்கின்றன. இதனால் இதயத்துடிப்பும் மூச்சும் விரைவடைகின்றன, செரிமானம் பாதிக்கப்படுகிறது. ஆகவே மன அழுத்தம் மட்டுமே பசியின்மையையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்க வல்லது. மறுபுறம், வலியுள்ள நாய் தன்னைத் தொட வருவோரைக் கண்டு அஞ்சுகிறது. இதனால் ஒரே அறிகுறி இருவேறு மூலங்களிலிருந்து தோன்றலாம்:

- உதட்டை நக்குதல்: அச்சத்தின் அறிகுறி, குமட்டல், பல்வலி ஆகியவற்றின் அறிகுறியுமாகும்.
- மேல்மூச்சு வாங்குதல்: அச்சம், வெப்பம், வலி, இதய நோய், கார்ட்டிசோல் மிகுந்து சுரக்கும் குசிங் நோய் ஆகிய எதனாலும் நிகழலாம்.
- வீட்டினுள் சிறுநீர் கழித்தல்: அச்சத்தால் நிகழலாம், சிறுநீர்ப்பாதைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றாலும் நிகழலாம்.
- ஒரே இடத்தை ஓயாது நக்குதல்: மன அழுத்தம், ஒவ்வாமை, அவ்விடத்து மூட்டுவலி ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

மன அழுத்தத்தின் அறிகுறிகள்

வாலை வயிற்றடியில் ஒடுக்குதல், காதுகளைப் பின்னால் மடித்தல், விழியின் வெண்பகுதி தெரியப் பார்த்தல், உறக்கம் வராதபோதும் கொட்டாவி விடுதல், முன்காலைத் தூக்கி நிற்றல், முகத்தைத் திருப்பிக்கொள்ளல் ஆகியன பொதுவானவை. நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகாசு, இவற்றுள் சிலவற்றை 'அமைதிப்படுத்தும் சைகைகள்' என்று பெயரிட்டு விளக்கினார். இவற்றைத் தனித்தனியே பார்க்காமல், நாயின் முழு உடல்நிலையோடும் சூழலோடும் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

அச்சம் போல் தோன்றும் நோய்கள்

- மூட்டழற்சி: படியேறத் தயங்குதல், எழும்போது விறைப்பு, இடுப்பைத் தொட்டால் சீறுதல்.
- உண்ணிக் காய்ச்சல்: எர்லிக்கியா, பபேசியா ஆகிய நுண்ணுயிரிகளை உண்ணிகள் பரப்புகின்றன. சோர்வு, காய்ச்சல், உணவில் நாட்டமின்மை, வெளிறிய ஈறு ஆகியன தோன்றும். இந்தியா, இலங்கை போன்ற வெப்ப நாடுகளில் இவை மிகுதி.
- அடிசன் நோய்: அண்ணீரகச் சுரப்பி போதிய அளவு சுரக்காத நிலை. வாந்தி, வயிற்றுப்போக்கு, தளர்ச்சி ஆகியன வந்து வந்து மறையும்; மன அழுத்தத்தின்போது கடுமையாகும். எனவே இதை வெறும் பதற்றம் என எளிதில் தவறாகக் கருதலாம்.
- காது கேளாமை, பார்வைக் குறைவு: அருகில் சென்றதும் நாய் திடுக்கிடும். இராஜபாளையம் நாய் இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அறியப்பட்ட ஒன்று.
- முதுமை அறிவாற்றல் குறைபாடு: பழகிய அறையிலேயே வழி தடுமாறுதல், பகலில் உறங்கி இரவில் அலைதல், பழகியவரிடம் ஒட்டாமை.

வலியும் ஒலி அச்சமும்

இங்கிலாந்தின் இலிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018 இல் வெளியான ஆய்வொன்று, ஒலிக்கு அஞ்சும் 20 நாய்களை ஒப்பிட்டது. தசை அல்லது எலும்பு மூட்டு வலியுள்ள நாய்களில் ஒலி அச்சம் பிந்திய வயதில் தொடங்கியது தெரியவந்தது. திடீர் ஒலி கேட்டுத் திடுக்கிடும்போது தசைகள் இறுகி வலி மிகுவதால், நாய் அந்த ஒலியையே வலியுடன் தொடர்புபடுத்திக்கொள்ளக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2020 இல் டேனியல் மில்சும் பிறரும் வெளியிட்ட கட்டுரை, நடத்தைச் சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிற்கு வலிதரும் நிலை ஏதேனும் இருக்கலாம் என மதிப்பிடுகிறது.

வீட்டில் கவனிக்கும் முறை

அஞ்சும் நாயை மருத்துவமனையில் மட்டும் வைத்து மதிப்பிடுவது கடினம். அங்கு பதற்றத்தால் இதயத்துடிப்பும் வெப்பநிலையும் கூடும். வீட்டில் நொண்டும் நாய் அங்கு நொண்டாமல் நடக்கவும் கூடும். எனவே வீட்டில் எடுத்த குறிப்புகள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

- நாய் உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணவேண்டும். 30க்கு மேல் தொடர்ந்து இருப்பின் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
- உணவு, நீர், சிறுநீர், மலம், உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும்.
- மாற்றம் நிகழ்ந்த நேரத்தையும், அதற்கு முன் நடந்ததையும் எழுதவேண்டும்.
- நடை, எழுந்திருக்கும் விதம் ஆகியவற்றைக் கைப்பேசியில் நிகழ்படமாக எடுக்கலாம்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு ஆகும்.

உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலைகள்

வயிறு உப்பி, வாந்தி வராமலே ஓங்கரித்து, படுக்க இயலாமல் அலைதல் இரைப்பை முறுக்கத்தின் அறிகுறியாகும். இது பதற்றம் போலத் தோன்றினும், சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லது. மூச்சுத்திணறல், வலிப்பு, வெளிறிய அல்லது நீலம் பாய்ந்த ஈறு, நிற்க இயலாமை ஆகியனவும் அவசர நிலைகளே.

தடுப்பூசி போடாத நாயிடம் திடீரென மூர்க்கமோ, வழக்கத்திற்கு மாறான சாதுத்தன்மையோ, விழுங்க இயலாமையோ காணப்பட்டால் வெறிநாய்க்கடி நோயை ஐயுறவேண்டும். அந்நாயைத் தொடலாகாது. கடிபட்டவர் காயத்தை 15 நிமிடங்கள் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

உறுமும் நாயைத் தண்டித்தல் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் நாய் எச்சரிக்காமலே கடிக்கப் பழகும். மனிதருக்கான வலி மருந்துகளைக் கொடுத்தலும் கூடாது. ஐபுபுரூஃபன், பாராசித்தமோல் ஆகியன நாய்களுக்கு நஞ்சாகக்கூடும்.

மருத்துவம்

கால்நடை மருத்துவர் முதலில் உடற்சோதனை, குருதி மற்றும் சிறுநீர்ச் சோதனைகள் மூலம் நோய்களை ஆராய்வார். வலி ஐயப்படும்போது, சில வாரங்கள் வலி மருந்து கொடுத்து நடத்தை மாறுகிறதா எனப் பார்ப்பதும் ஒரு முறையாகும். நோய் இல்லை எனத் தெரிந்தபின், சூழல் மாற்றம், படிப்படியான பழக்கப்படுத்தல், தேவையாயின் மருந்து ஆகியவற்றால் அச்சத்தைக் குறைக்கலாம். ஃபுளுவாக்செட்டின் மருந்தை, நாய்களின் பிரிவுப் பதற்றத்திற்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 இல் ஏற்றது. நோயும் அச்சமும் சேர்ந்திருப்பின் இரண்டிற்கும் மருத்துவம் தேவை. வலி நீங்கிய பின்னும், கற்றுக்கொண்ட அச்சம் சிறிது காலம் எஞ்சியிருக்கும்.