போர்க்காலத்து ஆட்டங்கள் – 9: யார் தயவில் ஆட்டம்?

கலிபோர்னியாவில் நடந்திருக்க வேண்டிய ரோஸ் பௌல் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தை, ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் நாட்டின் மறுகரைக்குத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1942 ஜனவரி 1 அன்று டர்ஹாமில், மழையில், ஓரிகன் ஸ்டேட் அணி டியூக் அணியை 20–16 என்று வென்றது. வென்ற அணியின் ஜாக் யோஷிஹாரா மட்டும் டர்ஹாமுக்குப் போன ரயிலில் ஏற முடியவில்லை. ஜப்பானிய வம்சாவளி என்பதால் ஊரைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அவரைத் தடுப்பு முகாமிலும் அடைத்தார்கள். அவர் ஒருவரை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்கக் கல்லூரிகளின் சிரமம் பெரிதல்ல. போர் மைதானத்துக்கு வரும் என்று பயந்தார்கள், மைதானத்தை மாற்றினார்கள், போர் வரவே இல்லை.

மாற்ற வேறு இடமில்லாத ஊரில் என்ன செய்வார்கள்? யாழ்ப்பாணத்துக்குப் போவோம். திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறவனுக்கு அது ஒன்றும் தொலைதூரத்துச் சங்கதி அல்ல. கிரிவலம் போகிறவர்கள் கடக்கும் அடி அண்ணாமலையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் அந்த ஊர் வழியாக நடக்கிறோம்; அங்கிருப்பவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டவர்கள் சொற்பம்.

யாழ்ப்பாணத்தில் ஆட்டம் என்றால் கால்பந்தும் உண்டு, ஆனால் ஊரே திரள்வது கிரிக்கெட்டுக்கு. மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இலிருந்து மோதிவருகின்றன. இரண்டும் பெயரில்தான் கல்லூரி; நம் கணக்கில் மேல்நிலைப் பள்ளிகள். மத்திய கல்லூரி 1816இல் மெதடிஸ்ட் பாதிரிமார் தொடங்கியது. ஆறுமுக நாவலர் படித்ததும் பிறகு பாடம் சொன்னதும் அங்கேதான். சென் ஜோன்ஸ் ஏழு வருஷம் இளையது, ஆங்கிலிக்கத் திருச்சபையுடையது. இவர்களின் ஆண்டுப் போட்டிக்கு 'வடக்கின் போர்' என்று பெயர். உண்மையான போர் வந்தபோதும் யாரும் அந்தப் பெயரை மாற்றவில்லை.

மத்திய கல்லூரி மைதானம் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் டச்சுக்காரர் கட்டிய கோட்டை, அன்று அதனுள் ராணுவம். பக்கத்திலேயே 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பொது நூலகம். 1990இல் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். செப்டம்பர் இறுதியில் ராணுவம் கோட்டையை விட்டுப் போனபோது அந்த வட்டாரமே இடிபாடாகக் கிடந்தது. உலகில் வேறெந்தப் பள்ளி மைதானமாவது இப்படி ஒரு துப்பாக்கி வரிசைக்கு நேரெதிரே விக்கெட் நட்டிருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போவது 1985க்கு. அந்த ஜூன் 18 அன்று அரசும் இயக்கங்களும் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன. அடுத்த மாதம் திம்புவில் பேச்சு. துப்பாக்கிகள் சற்று ஓய்ந்த அந்த நாட்களில் சென் ஜோன்ஸ் அதிபர் சி.ஈ. ஆனந்தராஜன் ராணுவத்தோடு ஒரு விளையாட்டுப் போட்டிக்கு ஏற்பாடு செய்தார். ஜூன் 26 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். போர்நிறுத்தத்துக்கு அப்போது எட்டு நாள் வயது. கொன்றது விடுதலைப் புலிகள் என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. காரணமாகச் சொல்லப்பட்டது அந்தப் போட்டி.

அரசியல் புரியாத வாத்தியார், எதிரியோடு விளையாடக் கூப்பிடலாமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பையன்களைச் சிப்பாய்கள் வீதியில் பிடித்துப் போனால், முகாம் வாசலில் போய் நிற்க வேண்டியவர்களும் அக்காலத்து அதிபர்கள்தான். பந்து போட்ட பையனின் முகம் தெரிந்திருந்தால் நாளைக்குச் சிப்பாயின் கை கொஞ்சம் தயங்கும் என்று ஒரு அதிபர் கணக்குப் போட்டிருந்தால், அதைவிட அரசியல் புரிந்த கணக்கு வேறில்லை. அவரைக் கொன்றவர்களுக்கும் அது புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். யாரோடு விளையாடலாம் என்பதை ஒரு பள்ளிக்கூடம் தானே முடிவு செய்தால், யாரோடு பேசலாம் என்பதையும் ஊர் தானே முடிவு செய்யத் தொடங்கிவிடும்.

அதன் பிறகு 'வடக்கின் போர்' நடந்த வருஷங்களும் உண்டு, நின்றுபோன வருஷங்களும் உண்டு. 1990க்குப் பின் மின்சாரம் கிடையாது. பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட் என்று தடைப்பட்டியல் நீண்டது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். தெற்கே போய் வர, இரவில் கிளாலி கடல்நீரேரியைப் படகில் கடக்க வேண்டும். கடற்படை சுட்டால் பிணமாகத்தான் கரை சேரலாம். பள்ளி வளாகங்களில் பதுங்கு குழி வெட்டினார்கள். 1995 அக்டோபர் 30 இரவு, ராணுவம் நெருங்கியதும், வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். 1996 மார்ச்சில், வழக்கமாகப் பெரும் ஆட்டங்களின் மாதத்தில், யாழ்ப்பாண நகரம் ஆளில்லாமல் கிடந்தது. மக்கள் திரும்பத் தொடங்கியது ஏப்ரலில்தான்.

திரும்பிய பிறகும் மைதானங்கள் கணக்குத் தீர்க்கவில்லை. 1999இல் துரையப்பா விளையாட்டரங்கைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அதே அரங்கை இந்தியப் பணத்தில் சீரமைத்து 2016 ஜூனில் திறந்தார்கள். மோடி டெல்லியிலிருந்து காணொளியில் கலந்துகொண்டார். 2020 டிசம்பரில் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த், லங்கா பிரீமியர் லீகில் யாழ்ப்பாண அணிக்காகப் பந்து வீசி, முதல் விக்கெட்டாக ஏஞ்சலோ மேத்யூஸை எடுத்தார். 2024இல் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காக ஐபிஎல்லிலும் ஆடினார். அந்த வெற்றியைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு ஆனந்தராஜன் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரமும் யாழ்ப்பாணத்தில்தான் இருப்போம். 1987 அக்டோபர் 12 அதிகாலை, இந்திய ஹெலிகாப்டர்கள் பல்கலைக்கழகத்துக் கால்பந்து மைதானத்தில் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 வீரர்களை இறக்கின. 29 பேர் திரும்பவில்லை.