பட்டி பார்த்தா போதுமா பாஸ்?

‘‘மச்சி, கதவு சாத்த மாட்டேங்குதுடா!’’

ஃபர்ஸ்ட் இயர் மே மாசம் ரூம்மேட் போட்ட சத்தம் இது. நிமிர்ந்து பார்த்தால், கதவு லிண்டல் மூலையில் ஆரம்பித்து சீலிங் வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். ரெண்டு ஒரு ரூபாய் காயினைச் சேர்த்துச் சொருகினா நிக்குது! கம்ப்ளெயின்ட் நோட்டில் எழுதினோம். அடுத்த மாசமே ஆள் வந்து, பட்டி பார்த்து, பளபளன்னு பெயின்ட் அடிச்சுட்டார். நாங்க எழுதினதுக்காக இல்லை பாஸ்... இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருதாம்! (காலேஜ் பேரெல்லாம் வேண்டாமே, ஹால் டிக்கெட் வாங்கணும்.)

ஐப்பசி மழை பிடிச்சதும் அதே கதவு சமர்த்தா சாத்திக்கிச்சு. ‘பேய் ரூம்’னு சீனியர்ஸ் கிளப்பிவிட, அடுத்த மார்ச்சில் பெயின்ட்டைப் பிளந்துகிட்டு அதே கோடு மறுபடி ஆஜர்!

‘‘தம்பி, பேயும் இல்ல பிசாசும் இல்ல. கரிசலு! தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும். காட்டுல கோடைக்கு வெடிப்பு விழுகுதுல்லா, அது கட்டடத்துக்கு அடியில விழாதா?’’ன்னு சிரிச்சார் கொத்தனார் அண்ணாச்சி.

அதேதான் சிவில் புத்தகத்திலும் இருக்கு. கரிசலில் இருக்கும் ‘மான்ட்மோரில்லோனைட்’ என்ற களிமண் தாது தண்ணீரை இழுத்து வீங்கும். கோடையில் கட்டடத்தின் ஓரத்து மண் காய்ந்து இறங்கும். நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். ஓரம் இறங்கி நடு நின்றால் சுவர் என்ன செய்யும்? ஜன்னல், கதவு மூலையில் கிழியும். இதுக்காகவே ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் ‘அண்டர் ரீம்டு பைல்’ கொண்டுவந்தது. ஈரம் மாறாத ஆழம் வரைக்கும், சுமார் மூணரை மீட்டர், குழி தோண்டி அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்தி கான்கிரீட் போடுவது. புதுசா கட்டுறவங்களுக்கு ஓகே. ஏற்கெனவே கட்டின ஹாஸ்டலுக்கு?

அளக்கணும். பெரிய கருவியெல்லாம் வேண்டாம். விரிசலுக்கு ரெண்டு பக்கமும் பென்சிலில் ஒவ்வொரு புள்ளி, பக்கத்தில் தேதி. மாசம் ஒரு தடவை இடைவெளியை அளந்து நோட்டில் எழுதணும், அவ்வளவுதான். லேபில் தூங்கிவழிஞ்ச வெர்னியர் காலிப்பருக்கு வாழ்க்கையில் முதல் தடவையா ஒரு நல்ல வேலை! மே மாசத்தை அடுத்த மே மாசத்தோடதான் ஒப்பிடணும். மேயையும் டிசம்பரையும் ஒப்பிட்டால் கரிசல் நம்மை ஏமாத்திடும்.

ஒரு வருஷம் அளந்தோம். எங்க ரூம் விரிசல் மழைக்கு மூடி, வெயிலுக்குத் திறந்து, அடுத்த மே மாசம் பழைய அளவுக்கே வந்து நின்றது. பார்க்கத்தான் பயங்கரம், ஆள் அப்பாவி. ஆனா பாத்ரூம் ஓரத்து ரூமில், யாருமே கண்டுக்காத ஒரு மெல்லிய கோடு இருந்தது. அது மழைக்கும் மூடலை, வெயிலுக்கும் மூடலை. மாசாமாசம் வளர்ந்துக்கிட்டே போச்சு. அதுக்கு நேர் கீழே ஒரு ஜூனியரின் கட்டில்!

வெளியே போய்ப் பார்த்தால், பாத்ரூம் வேஸ்ட் வாட்டர் பைப் மண்ணுக்கடியில் உடைஞ்சிருக்கு. நாங்க குளிக்கிற தண்ணியெல்லாம் அந்த ஒரு மூலைக்குத்தான். ஊரே வறண்டாலும் அந்த மூலை மட்டும் வீங்கிக்கிட்டே இருந்திருக்கு.

பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் விரிசல்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. 1 மி.மீ. வரைக்கும் பெயின்ட் வேலையோடு முடிந்துவிடும். 5 தாண்டினால் பட்டியெல்லாம் செல்லாது, கொத்தனார் பிரித்துப் பார்க்க வேண்டியது. 25-ஐத் தாண்டினால் கட்டடத்தையே நம்ப முடியாது. ஜூனியர் ரூம் கோடு 5-ஐத் தொட்டிருந்தது. கமிட்டி வந்த அன்னைக்கு ரெண்டு சுவரும் ஒரே வெள்ளையில் ஜொலிச்சதுங்க!

இங்கே பருத்திக்கும் சோளத்துக்கும் 1901-லேயே கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் வந்தாச்சு. அதே மண் மேல் படுத்துத் தூங்குற எங்களுக்கு ஒரு விரிசல் நோட்டுகூட இல்லாம இருந்தது.

இந்தத் தடவை தேதியும் அளவுமா நோட்டை வார்டன் சார் டேபிளில் வெச்சோம். புரட்டிப் பார்த்தவர், ‘‘இதை ஏம்ப்பா முன்னாடியே கொடுக்கல?’’ன்னார். பைப் மாத்தியாச்சு. சுவரைச் சுத்தி தண்ணி இறங்காம சிமென்ட் தளம் போடும் வேலை பாதியில் நிக்குது. ஜூனியர் கட்டில் எதிர்ச் சுவருக்குப் போயாச்சு. போன வாரம் மறுபடி பெயின்ட் அடிக்க வந்த அண்ணன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, பென்சில் புள்ளி இருக்கிற இடத்தை மட்டும் விட்டுடச் சொல்லியிருக்கோம்.