கணக்குப் பாடம் தண்ணீரில் மிதக்கிறது... எண்ணூரிலும் ஒரு படகுப் பட்டறை வருமா?

ஆற்றங்கரை முழுக்க கிடங்குகள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஓயாமல் ஓடும் லாரிகள். எண்ணூர் என்று நினைத்துவிடாதீர்கள். இது நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹன்ட்ஸ் பாயின்ட். இங்கே பள்ளி மாணவர்கள் தங்கள் கையாலேயே மரப்படகு கட்டுகிறார்கள். அந்த ஆற்றிலேயே துடுப்பும் போடுகிறார்கள்.

'ராக்கிங் தி போட்' என்ற அமைப்பின் முயற்சி இது. 1996-ல் ஈஸ்ட் ஹார்லெம் பகுதிப் பள்ளி ஒன்றில், ஆடம் கிரீன் என்ற தன்னார்வலர் மாணவர்களோடு சேர்ந்து கட்டிய ஒரு சிறிய படகில் தொடங்கியது. மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

சரி, இதில் பாடம் எங்கே இருக்கிறது? படகின் வடிவத்தை முதலில் முழு அளவில் தரையில் வரைய வேண்டும். அங்கே வடிவியல் வந்துவிடுகிறது. பலகையை வளைக்க, நீராவிப் பெட்டியில் வேகவைக்க வேண்டும். ஓர் அங்குல கனத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்பது படகுத் தச்சர்களின் கணக்கு. வெளியே எடுத்ததும், சூடு ஆறுவதற்குள் வளைத்துப் பொருத்த வேண்டும். ஒருவரால் முடியாது, நாலு பேர் சேர வேண்டும். கணக்கு தப்பினால் மார்க் குறையாது, படகுக்குள் தண்ணீர் வரும்!

படகில் போகும் மாணவர்கள் ஆற்று நீரையும் பரிசோதிக்கிறார்கள். ஒரு காலத்தில் பழைய கார்களும் டயர்களும் கிடந்த ஆறு அது. பல அமைப்புகள் சேர்ந்து சுத்தம் செய்த பிறகு, 2007-ல் அங்கே பீவர் என்ற நீர்விலங்கு தென்பட்டது, சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு.

இப்போது வடசென்னைக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'கேட்டமரன்' என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைப்பார்கள். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆனால், 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் குறைந்தன. ராயபுரத்தில் மத்திய அரசின் 'சிஃப்நெட்' நிறுவனம் மீன்பிடிக் கப்பல் ஓட்டவும், இன்ஜின் பார்க்கவும் பயிற்சி தருகிறது. கட்டுமரம் செதுக்கும் வித்தையோ இன்னும் பெரியவர்களின் கையிலும் கண்ணளவிலும்தான் இருக்கிறது. அவர்களோடு அதுவும் போய்விடக் கூடாது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகில் போய் அதை வாளியில் அள்ளியவர்கள் மீனவர்கள். தினமும் தண்ணீரில் இறங்குபவருக்குத்தான் ஆற்றின் வலி முதலில் தெரியும். அந்த உறவு அடுத்த தலைமுறைக்கும் வேண்டும்.

நாலு மரம், உளி, வாய்ச்சி, கயிறு, சொல்லித்தர ஒரு மீனவப் பெரியவர்... பள்ளி மைதானத்தில் தொடங்க இது போதுமே!