மானியத்திற்கு ஒரு முடிவுத் தேதி: அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுப் போராட்டத்தைப் புரிந்துகொள்வோம்

அமெரிக்காவில் பிள்ளைகளோ உடன்பிறந்தோரோ வாழும் குடும்பத்தினர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே காப்பீட்டுக்கு அரசு தந்துவந்த உதவி நின்றுவிட்டதாமே, உண்மையா?" என்பதே அது. முழுவதும் நின்றுவிடவில்லை. ஆயினும் அதன் ஒரு பகுதி 2025 டிசம்பர் 31 அன்றுடன் காலாவதியாயிற்று. அதனை நீட்டிப்பதா, கைவிடுவதா என்னும் வழக்கில் அந்நாட்டு அரசு 43 நாட்கள் முடங்கிக் கிடந்தது. மருந்தும் மருத்துவமும் அன்றாடத் தேவையாகிவிட்ட நோயாளிகளுக்கு இவ்வழக்கு எத்தகையது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மானியம் யாருக்கு?

அமெரிக்கர்களுள் பெரும்பாலோர் தாம் பணிபுரியும் நிறுவனத்தின் வழியே காப்பீடு பெறுகின்றனர். 65 வயது கடந்தோருக்கு மெடிகேர் என்னும் அரசுத் திட்டமும், மிகக் குறைந்த வருவாய் உடையோருக்கு மெடிகெய்டு என்னும் திட்டமும் உள்ளன. இம்மூன்றிலும் சேராதோர் பலர்: சிறுகடை நடத்துவோர், உழவர், வாடகைக் கார் ஓட்டுவோர், பகுதிநேரப் பணியாளர், 65 வயதிற்கு முன்னரே ஓய்வு பெற்றோர். இவர்கள் காப்பீட்டைத் தாமே விலைகொடுத்து வாங்க வேண்டும்.

இவர்களுக்காகவே 2010 மார்ச் 23 அன்று அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் ஒரு பொதுச் சந்தையை ஏற்படுத்தியது. மக்கள் இச்சட்டத்தை ஒபாமாகேர் என்று அழைக்கின்றனர். 2014 முதல், முன்பே நோய் உள்ளவர் என்பதற்காக ஒருவருக்குக் காப்பீட்டை மறுக்கவோ கூடுதல் பிரீமியம் கேட்கவோ இயலாது. முதியவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கவும் கூடாது.

நோயாளிகளை விலக்கக் கூடாது என்றால், நலமாக உள்ளோரும் காப்பீட்டில் சேர வேண்டும். பலர் செலுத்தும் பணத்தைக் கொண்டு சிலரது செலவை ஈடுகட்டுவதே காப்பீட்டின் அடிப்படை. பிரீமியம் எட்டாத விலையில் இருந்தால் நலமுள்ளோர் முதலில் விலகுவர். எஞ்சுவோர் நோயாளிகளாகவே இருப்பர். விலை மேலும் உயரும். இதனைத் தடுக்கவே மானியம் வகுக்கப்பட்டது. ஒரு குடும்பம் தன் வருவாயில் இன்ன விழுக்காடு மட்டும் செலுத்தினால் போதும் எனச் சட்டம் வரையறுக்கிறது. அப்பகுதியில் விற்கப்படும் குறிப்பிட்ட ஒரு நடுத்தரத் திட்டத்தின் விலையில் எஞ்சிய தொகையை அரசு வரிச்சலுகையாக ஏற்றுக் காப்பீட்டு நிறுவனத்திற்கு நேரடியாகச் செலுத்துகிறது.

எல்லைக் கோடும் அதன் விளைவும்

தொடக்கத்தில் இம்மானியத்திற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. குடும்ப வருவாய் அரசின் வறுமைக்கோட்டைப் போல் நான்கு மடங்கைக் கடந்தால் உதவி அறவே கிடையாது. கொரோனாக் காலத்தில், 2021 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம் இவ்வரம்பை நீக்கியது. எவரும் தம் வருவாயில் 8.5 விழுக்காட்டுக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை என்றும், வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்குள் வருவாய் உள்ளோர் ஒன்றுமே செலுத்த வேண்டியதில்லை என்றும் அது வகுத்தது. இரண்டாண்டுகளுக்கென வந்த இவ்வேற்பாடு, 2022 ஆகஸ்டில் மற்றொரு சட்டத்தால் 2025 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. 2020இல் ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சமாக இருந்த சந்தைப் பயனாளிகள் 2025இல் சுமார் 2 கோடியே 40 லட்சமாயினர்.

இக்கூடுதல் மானியம் முடிந்ததும் பழைய கணக்கே திரும்பியது. அதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 2026ஆம் ஆண்டுக் காப்பீட்டுக்குத் தனிநபர் ஒருவரின் உச்சவரம்பு 62,600 டாலர். அறுபது வயதான ஒருவர் ஆண்டுக்கு 62,000 டாலர் ஈட்டுகிறார் என்றும், அவர் ஊரில் அந்நடுத்தரத் திட்டத்தின் ஆண்டு விலை 15,000 டாலர் என்றும் கொள்வோம். புதிய ஆண்டின் கணக்குப்படி அவர் வருவாயில் 9.96 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 6,175 டாலர் செலுத்துவார். எஞ்சியது அரசின் பொறுப்பு. அவரே 63,000 டாலர் ஈட்டினால், 15,000 டாலரையும் தாமே செலுத்த வேண்டும். ஆயிரம் டாலர் கூடுதலாக ஈட்டியதற்கு விலையாக 8,800 டாலருக்கு மேல் இழக்கிறார். கூடுதல் மானியம் தொடர்ந்திருந்தால் அதே 63,000 டாலர் வருவாய்க்கு அவர் செலுத்தியிருக்க வேண்டியது 5,355 டாலர் மட்டுமே.

குறைந்த வருவாய் உடையோருக்கு இழப்பின் தொகை சிறிது. ஆனால் தாங்கும் வலிமையும் சிறிது. ஆண்டுக்கு 22,000 டாலர் ஈட்டும் தனிநபர் முன்பு ஒன்றும் செலுத்தவில்லை. இப்போது மாதந்தோறும் சுமார் 66 டாலர் செலுத்த வேண்டும். சுகாதாரக் கொள்கைகளை ஆராயும் கே.எஃப்.எஃப். என்னும் நிறுவனம், மானியம் பெறுவோர் கையிலிருந்து செலுத்தும் பிரீமியம் சராசரியாக ஆண்டுக்கு 888 டாலரிலிருந்து 1,904 டாலராக உயரும் என முன்கூட்டியே கணித்திருந்தது.

இரு தரப்பின் வாதங்கள்

ஜனநாயகக் கட்சியினர், மானியத்தை நீட்டிக்காவிடில் லட்சக்கணக்கானோர் காப்பீட்டை இழப்பர் என்றனர். நாடாளுமன்றத்தின் வரவுசெலவு ஆய்வு அலுவலகமும் கணக்கிட்டுக் கூறியது: மானியத்தை நிலையாக நீட்டித்தால் 2035இல் காப்பீடு உடையோர் 38 லட்சம் பேர் கூடுதலாக இருப்பர், அதற்குப் பத்தாண்டுகளில் சுமார் 35,000 கோடி டாலர் செலவாகும்.

அச்செலவையே குடியரசுக் கட்சியினர் முதல் ஆட்சேபணையாக எடுத்துரைத்தனர். பெருந்தொற்றுக் காலத்தின் தற்காலிக உதவி நிலையான செலவாகக் கூடாது. உச்சவரம்பு இல்லாததால் வசதி படைத்தோரும் பயன்பெறுகின்றனர். பிரீமியமே இல்லாத திட்டங்களில் மக்கள் அறியாமலேயே முகவர்கள் அவர்களைச் சேர்த்துவிடும் மோசடிக்கு இடமேற்படுகிறது. பணம் நிறுவனங்களுக்குப் போகிறதேயன்றி மக்களின் கைக்கு வரவில்லை என்பன அவர்தம் வாதங்கள். இவற்றுள் மோசடி பற்றிய கவலை வெறும் அரசியல் பேச்சன்று. ஒப்புதலின்றிச் சேர்க்கப்பட்டோர் அளித்த முறையீடுகள் அரசிடம் பதிவாகியுள்ளன. மானியத்தால் சிகிச்சையின் விலை குறைவதில்லை, அதனைச் செலுத்துவோர் மட்டுமே மாறுகின்றனர் என்பதும் உண்மையே.

எனினும் கட்சிக் கோடும் பாதிப்பின் கோடும் ஒன்றாக அமையவில்லை. மெடிகெய்டை விரிவுபடுத்தாத பத்து மாநிலங்களுள் டெக்சாஸும் ஃபுளோரிடாவும் உள்ளன. குடியரசுக் கட்சி ஆளும் இவ்விரு மாநிலங்களிலேயே சந்தைக் காப்பீட்டை நம்பியிருப்போர் மிகுதி.

43 நாட்கள், மூன்று வாக்கெடுப்புகள்

செனட் சபையில் பெரும்பாலான மசோதாக்கள் முன்னேற 60 வாக்குகள் தேவை. குடியரசுக் கட்சிக்கு இருந்தவை 53. எனவே அரசுச் செலவுக்கான மசோதாவுக்கு ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவு இன்றியமையாததாயிற்று. மானியத்தை நீட்டித்தாலன்றி ஆதரவில்லை என அவர்கள் நின்றனர். 2025 அக்டோபர் 1 அன்று அரசு முடங்கியது. நவம்பர் 12 அன்று முடக்கம் முடிந்தபோது அதுவே அமெரிக்க வரலாற்றில் மிக நீண்டதாக அமைந்தது. ஜனநாயகக் கட்சியின் அணியிலிருந்து எட்டு உறுப்பினர்கள் உடன்பட்டனர். மானியம் குறித்து அவர்களுக்குக் கிடைத்தது, டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தப்படும் என்ற உறுதிமொழி மட்டுமே.

டிசம்பர் 11 அன்று இரு மசோதாக்கள் வந்தன. மூன்றாண்டு நீட்டிப்பைக் கோரிய ஜனநாயகக் கட்சியின் மசோதா 51க்கு 48 என்ற வாக்குகளுடன் 60ஐ எட்டாமல் தோற்றது. மானியத்திற்கு மாற்றாக, மலிவுத் திட்டங்களில் சேர்வோரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் வயதிற்கேற்ப 1,000 அல்லது 1,500 டாலர் செலுத்த முன்வந்த குடியரசுக் கட்சியின் மசோதாவும் அதே 51க்கு 48இல் தோற்றது. மானியம் முடிந்த பின்னர், 2026 ஜனவரி 8 அன்று பிரதிநிதிகள் சபை மூன்றாண்டு நீட்டிப்பை 230க்கு 196 என நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியினர் 17 பேர் அதனை ஆதரித்தனர். ஆயினும் செனட்டில் 60 வாக்குகள் என்னும் தடை அப்படியே நின்றது.

நோயாளியின் நிலை

சபைகளில் வாக்கெடுப்பு தள்ளிப்போகலாம். டயாலிசிஸும் புற்றுநோய்ச் சிகிச்சையும் இன்சுலினும் தள்ளிப்போக இயலாதவை. 2026ஆம் ஆண்டுக் காப்பீட்டில் சேரும் காலம் பல மாநிலங்களில் நவம்பர் 1 முதல் ஜனவரி 15 வரை மட்டுமே இருந்தது. அரசு ஒரு முடிவுக்கு வருமுன் குடும்பம் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. அக்காலம் கடந்தபின் வேலையிழப்பு, திருமணம், குழந்தைப்பேறு போன்ற மாற்றம் நேர்ந்தாலன்றி அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதற்கஞ்சிப் பிரீமியம் குறைந்த திட்டத்திற்கு மாறுவோர், காப்பீடு கைகொடுக்கும் முன் தாமே செலுத்த வேண்டிய தொகை பல ஆயிரம் டாலராக இருப்பதைப் பின்னரே உணர்கின்றனர்.

காப்பீடு இழந்தோரின் செலவு மறைந்துவிடுவதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவுக்கு வருவோரைப் பரிசோதித்து, நிலைப்படுத்தும் சிகிச்சை அளிப்பதைப் பணம் பற்றிய விசாரணைக்காகத் தாமதிக்கக் கூடாது. மாத்திரையால் கட்டுப்பட்டிருக்கக் கூடிய இரத்த அழுத்தம் பக்கவாதமாக அவ்வாயிலை வந்தடையும்போது, அச்செலவை மருத்துவமனையும் சமுதாயமும் சேர்ந்தே சுமக்கின்றன.

உறவினர் அங்கே இருப்பின்

அமெரிக்காவில் சந்தைக் காப்பீடு பெற்றுள்ள உறவினருக்கு மூன்று செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறோம்.

முதலாவது, ஆண்டு வருவாயைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2026 முதல், தகுதிக்கு மேல் பெற்ற மானியம் முழுவதையும் வரிக்கணக்கின்போது திருப்பிச் செலுத்த வேண்டும்.

இரண்டாவது, மானியம் பெறுவோர் பிரீமியம் செலுத்தத் தவறினால் மூன்று மாதக் கெடு உண்டு. ஆனால் இரண்டாம், மூன்றாம் மாதச் சிகிச்சைக்கான தொகையை நிறுவனம் நிறுத்திவைக்கலாம். ஆகவே முதல் மாதத்திலேயே நிலுவையைத் தீர்ப்பது நலம்.

மூன்றாவது, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2027 ஜனவரி முதல் பணி விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்போருக்கு இம்மானியம் கிடையாது. நிரந்தர வசிப்புரிமை அட்டை உடையோருக்குத் தொடரும். நிறுவனக் காப்பீடு இல்லாத குடும்பங்கள் இப்போதே மாற்று ஏற்பாடு தேட வேண்டும். காப்பீடு இல்லாதோருக்கு வருவாய்க்கேற்ற கட்டணத்தில் சிகிச்சை தரும் சமுதாய நல மையங்கள் அங்குப் பல ஊர்களில் உள்ளன. தொடர் மருந்து உட்கொள்வோர், காப்பீடு அறுபடும்வரை காத்திராமல் அம்மையத்தில் முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.